இந்தக் காருக்கு டி.எஸ்.பி. அவசியம்

ஈப்போவில் உடையப்பனின் கார் ஆடியோ கடைக்கு வந்து, ஒலியைச் சீராக்கும் டி.எஸ்.பி. கருவி வேண்டுமா என்று யார் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான். "வேணாம்லா, இருக்கிறதே போதும்." கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சாந்தினிக்கு அது மனப்பாடம்.

இன்றைக்கு மட்டும் கதை மாறிவிட்டது.

"பேஸ் இன்னும் அதிரணும் அண்ணே, பெரிய ஸ்பீக்கரா போடுங்க" என்று வந்த தீபனை அவர் விடவில்லை.

"இருக்கிற ஸ்பீக்கரே போதும் தம்பி. ஒன் காருக்கு டி.எஸ்.பி.தான் அவசியம். அசல் விலைக்கே தாரேன், நானே டியூன் பண்ணித் தாரேன்."

மடிக்கணினியோடு இரண்டு மணி நேரம் காருக்குள்ளேயே இருந்தார். பாட்டைக் கேட்ட தீபனுக்கு முகமெல்லாம் பல்.

"பாடுறவங்க முன்னாடியே நிக்கிற மாதிரி இருக்கு! தேங்க்ஸ் அண்ணே."

கார் போனதும் சாந்தினி சிரித்தாள்.

"என்ன அண்ணே, இம்புட்டு கரிசனம்? மகளுக்கு மாப்பிள்ளை பாக்கிறீங்களா?"

"அட போம்மா. போன வாரம்தான் எங்க பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தான். விடிகாலை அஞ்சு மணிக்கு கமுந்திங் டவுனுக்கு வேலைக்குக் கிளம்புறப்போ பாட்டைப் போடுவான். சன்னல் கண்ணாடி ஆடும், பேரப்பிள்ளை அலறும். அவனுக்கு என்னைத் தெரியாது, அவன் காரை எங்க வீட்டுக்கே தெரியும். அந்த அதிர்ற பேஸை இப்பத்தான் டி.எஸ்.பி.யில வெட்டி விட்டேன்."

"நேராப் போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பகையாயிடும்லா. இப்பப் பாரு, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போறான்."