பத்து மணி முத்திரை

"செத்துப்போனவன் எப்படிய்யா பஞ்ச் பண்ணுவான்?"

மேனேஜர் அந்த வருகைப்பதிவு அட்டையை மேஜைமேல் விசிறி எறிந்தார். உள்ளே வந்த நேரம் கிடையாது. வெளியே போன நேரம் மட்டும் விழுந்திருக்கிறது. தினமும் காலை பத்து மணி.

அட்டைக்குச் சொந்தக்காரன் இறந்து ஒரு மாதமாகிறது.

வாட்ச்மேன் தலைகுனிந்து நின்றார். பஞ்சிங் மெஷின் அவர் கூண்டுக்கு எதிரேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, இறந்தவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. இப்படியா பழிதீர்ப்பது என்று கம்பெனியே முணுமுணுத்தது.

"அன்னிக்கு நெஞ்சு வலிக்குதுன்னு பத்து மணிக்கு லீவு கேட்டான். நான் தரலை. பதினோரு மணிக்கு வேலை பார்த்த மெஷின்மேலேயே சாய்ஞ்சிட்டான். அதுக்காகத் தினமும் குத்திக்காட்டுவியா?"

மேனேஜர் அட்டையை அவர் பக்கம் தள்ளினார்.

"இதைக் கொண்டுபோய் ஸ்டாண்டுல வை. இன்னிக்கும் பத்து மணி விழுந்துச்சுன்னா, உனக்கு இங்கே வேலையில்லை!"

வெளியே டைப்பிஸ்ட் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே மரம் மாதிரி நின்னீங்க? நான் பண்ணலைன்னு சொல்ல வேண்டியதுதானே? தம்பி குடும்பமும் உங்க தலைமேலதானே இருக்கு?"

"சொல்லிடலாம்மா. அப்போ யாருன்னு கேப்பாரே."

"யாருண்ணே?"

பத்து மணி. டீ இடைவேளைக்குச் சங்கு ஊதியது. மெஷின்கள் எல்லாம் அடங்கின.

"கூண்டுக்குள்ளே வா. மூச்சு விடாதே."

ஆளில்லாத நடைவழியில் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவள் எட்டிப் பார்த்தாள்.

மேனேஜர்!

கண் திறந்துதான் இருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை. கை தானாக அந்த அட்டையை உருவி மெஷினில் செருகியது. டக்!

அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் வெறும் காற்றைத் தட்டிக்கொடுத்தார்.

"லீவு தந்துட்டேன்ப்பா. நீ வீட்டுக்குக் கிளம்பு."

நாலடி நடந்தவர் உடம்பை உலுக்கிக்கொண்டு திரும்பினார். ஸ்டாண்டைப் பார்த்தார். ஓடிவந்து அட்டையை எடுத்தார். முகம் வெளிறிவிட்டது.

"மறுபடியுமா? யாருய்யா... யாருய்யா இது?"

டைப்பிஸ்ட் பதறி எழுந்தாள். வாட்ச்மேன் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்கமாட்டார்மா. ஒரு சாவு போதும்."

தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

"நான்தான் சார்."