குடுவைச் செடிக்கு ஏற்ற இடம்

ஹட்டன் டவுனில் செடிக்கடை வைத்திருக்கும் அஸ்ஹர் நானா, பூச்சி தின்னும் குடுவைச் செடியை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். அது வளரப்போகும் கண்ணாடித் தொட்டியின் நிலவரம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். காலை பஸ்ஸில் வந்திறங்கிய ஜீவராணியையும் அவர் விடவில்லை.

“ஈரம் எப்படி?”

“சுவரைத் தொட்டா கையெல்லாம் தண்ணி, நானா.”

“ராவையில குளிருமா?”

“பல்லு தந்தியடிக்கும்.”

“வெயில்?”

“நேரா படாது. மேல உள்ள ஓட்டை வழியா கொஞ்சம் விழும்.”

“பூச்சி, கொசு?”

“அதுக்குக் கொறைவே இல்லைங்க.”

அஸ்ஹருக்கு உடம்பு சிலிர்த்தது. நுவரெலியா பங்களாக்காரர்கள் ஈரம் தெளிக்கும் மெஷின் வைத்தும் இப்படியொரு தொட்டியை அமைத்ததில்லை.

“மலை ரகம்தான் சரி. காடா வளரும்! எத்தனை வேணும்?”

“செடி வேணாம் நானா. இப்ப சொன்னத ஒரு தாள்ல எழுதி, கடை சீல் குத்திக் குடுங்க.”

“தாளா? எதுக்கு?”

“எங்க தேயிலைத் தோட்டத்து தொரைகிட்ட காட்டணும். கூரைய மாத்தித் தாங்கன்னா, லயத்துக் காம்பரா நல்லாத்தானே இருக்குங்கிறாரு. அந்த ஒத்தை அறைக்குள்ள நாங்க அஞ்சு பேரு இருக்கோம்.”