ஆறு மணிக் குளியல்

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று நரைத்த தலைகள். முதியோர் இல்லத்தின் டிரஸ்டிகளாக இருக்கும் என்று நினைத்தபடி, நர்ஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"பழைய இடத்துல ஏன்மா வேலை போச்சு?" நடுவில் இருந்த அம்மாள் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மனசு வரவில்லை.

"அங்க காலைல ஆறு மணிக்குள்ள எல்லாரையும் குளிப்பாட்டிடணும் மேடம். ஒரு பெரியவர் இன்னும் கொஞ்சம் தூங்கறேன்னார். தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"ரூல்னா ரூல்தானே?" அவருக்கு இடப்பக்கம் இருந்த கண்ணாடிக்காரர் உறுமினார்.

"உடம்பு அவரோடது சார். அதுல எப்போ தண்ணி ஊத்தணும்னு அவர்தான் சொல்லணும்."

"மாத்திரை வேணாம்னு அடம்பிடிச்சா?" இது மூன்றாமவர்.

"ஏன் வேணாம்னு கேப்பேன். டாக்டர்கிட்ட சொல்வேன். வாயில திணிக்க மாட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வேலையும் அம்பேல் என்று அவள் பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட? நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடு!"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "ரொம்ப நன்றி மேடம்! டாண்ணு ஆறு மணிக்கு வந்துடறேன்."

"ஆறு மணிக்கா?" அம்மாள் மேஜைக்குப் பின்னாலிருந்து வாக்கரை இழுத்து, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணாடிக்காரர் தன் சக்கர நாற்காலியைத் திருப்பினார்.

"நாங்க மூணு பேரும் இந்த இல்லத்துலதான் இருக்கோம். எங்களைப் பாத்துக்கறவங்களை நாங்கதான் தேர்ந்தெடுப்போம்."

வாசல் வரை போன அம்மாள் திரும்பினார்.

"என் ரூம் நம்பர் பன்னெண்டு. ஒன்பது மணிக்கு வந்து கதவைத் தட்டு. அதுக்கு முன்னாடி எழுப்பினே, இந்த வேலையும் போயிடும்!"