நண்டு வளை

"பாய்! ஓடியாங்க பாய்! கரையில தண்ணி போவுது!"

கொல்லைப் பக்கமிருந்து நீலமேகத்தின் குரல் கேட்டதும், புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த ஜெகபர் அலி அப்படியே ஓடினார். இன்று ராத்திரி திருச்சியில் விமானம். ஷார்ஜா விசாவுக்கு இன்றோடு கெடு. வாசலில் கார் வந்து நிற்கிறது. இந்தக் கரைக்கு ஓட்டை விழ வேறு நாளே கிடைக்கவில்லை!

பெட்டிக்குள் ஊறுகாய்ப் பாட்டிலைத் திணித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரோஷன் பேகமும், "அல்லாவே!" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

வரிச்சிக்குடியில், வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த பள்ளத்துக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கரை போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி, வாத்து மாதிரியும் அன்னம் மாதிரியும் நாலைந்து பெடல் படகுகளை மிதக்கவிட்டிருந்தார் ஜெகபர் அலி. 'ரோஷன் படகு சவாரி' என்று போர்டு வேறு. "காரைக்கால்ல கடலே கெடக்கு. இந்தக் குட்டையில எவன் படகு விடுவான்?" என்று சிரிக்காத சொந்தக்காரர்கள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், நெரவியிலிருந்தும் குரும்பகரத்திலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்து குவிந்துவிடுவார்கள். கடலில் போய் வாத்தை மிதிக்க முடியுமா என்ன?

அப்படியும் ரோஷனின் தம்பி தமீம் அன்சாரி ஷார்ஜாவிலிருந்து விசா அனுப்பிவிட்டான். "வாத்தை நம்பி எத்தனை நாளைக்கு மச்சான்?" என்று கேட்டான். ரோஷனும், "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அவளே சொன்ன பிறகு அவர் என்ன பேசுவார்? பாதி ஆயுசை அங்கே கழித்துவிட்டு வந்த மனிதர் மறுபடியும் பெட்டி கட்டினார்.

கரையடியில் முழங்கால் சேற்றில் நின்று களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து அடைத்துக்கொண்டிருந்தார் நீலமேகம். கடல் தொழிலை விட்டுவிட்டு இந்தப் படகுகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். வடிகாலை நோக்கித் தண்ணீர் குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது.

ஜெகபர் அலி கரை விளிம்பில் குனிந்து பார்த்தார். இத்தனை வேகமாகப் போகும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"என்னய்யா இது, இந்தப் போக்குப் போவுது?"

"நண்டு வளையாத்தான் இருக்கும் பாய். இதை நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க."

"எப்படிக் கெளம்புறது? நாளைக்கு ஞாயித்துக்கெழம. தண்ணியில்லாம வாத்தைத் தரையில உருட்டச் சொல்றியா?"

சொன்னவர் யோசிக்கவே இல்லை. புது பேன்ட்டோடு தண்ணீருக்குள் இறங்கி, மணல் மூட்டையை உள்பக்கம் வைத்து அமுக்கினார். ரோஷன் கூடையில் களிமண் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாள். 'கம்முனு வீட்டுக்குப் போ' என்று அவரும் சொல்லவில்லை. 'சபர் கெளம்பி பிளேன் ஏறப்போற நேரத்துல சேத்துல நிக்கிறீங்களே' என்று அவளும் கேட்கவில்லை.

வாசலிலிருந்து ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய், டிரைவர் செந்தில்குமார் கரைக்கே வந்துவிட்டான்.

"பாய், இப்பக் கெளம்பினாத்தான் சரியா இருக்கும்!"

"தோ, ஒரே ஒரு மூட்டை தம்பி" என்றார் ஜெகபர் அலி.

ஒரு மூட்டை இரண்டாகி, இரண்டு நாலாகியது. மண் வைத்தால் கரைந்தது. வைக்கோல் வைத்தால் பிய்த்துக்கொண்டு போனது. வெயில் சாயும்போதுதான் தண்ணீர் நின்றது.

"இனிமே திருச்சிக்குப் பறந்து போனாத்தான் உண்டு" என்று தலையில் அடித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போனான் செந்தில்குமார்.

போன் அடித்தது. தமீம் அன்சாரி. "மச்சான், எங்க இருக்கீங்க? ஏர்போர்ட் வந்துட்டீங்களா?"

"குட்டையில இருக்கேன் தமீம்."

"விசா போச்சு மச்சான்! எவ்ளோ கஷ்டப்பட்டு வாங்கினது! ஒரு மண்ணுக் கரைக்காகவா?"

ரோஷன் போனைப் பிடுங்கினாள். "அவங்களைத் திட்டாதடா. நண்டு ஓட்டை போட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? இங்க சம்பாதிக்கிறது எங்களுக்குப் போதும், போனை வையி!"

ஜெகபர் அலி அவளையே பார்த்தார். "ரோஷன், உனக்கு வருத்தம் இல்லையா?"

"உங்களுக்கு?"

"எனக்கென்ன..." என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. முகமெல்லாம் சேறு. கல்யாண வீட்டில் கூட இரண்டு பேரும் இப்படிச் சிரித்ததில்லை.

நீலமேகம் கரையேறித் தலைத்துண்டை உதறினார். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"நண்டு இல்ல பாய். கையை விட்டுப் பாத்துட்டேன். எந்தப் பாவியோ கடப்பாரையால குத்தியிருக்கான். தென்னமரத்துக்கு இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. மொத்தம் ரெண்டு ஓட்டை!"

"ரெண்டா? நான் ஒண்ணுதானே குத்தினேன்!"

பதறிப்போய் அப்படிக் கேட்டது ஜெகபர் அலி மட்டும் இல்லை; அதே நொடியில், அதே வார்த்தைகளில், ரோஷன் பேகமும்தான்.