குத்திப் பழக ஒரு கை

மூன்றாவது முறையும் ராஜசேகரனின் இடது கையில் ஊசி சரியாக இறங்கவில்லை. முழங்கைக்குக் கீழே ஊதாவும் பச்சையுமாகக் கன்றிப் போயிருந்தது. பார்க்கிறவர்கள் மனுஷன் ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

"சாரி சார், நரம்பு கிடைக்கல," என்றாள் யுவராணி. அழுகையை முழுங்கிய குரல்.

"போலீசாட்டம் தேடாதம்மா. அதுவும் பயந்து உள்ள பூந்துக்கிது பாரு."

அவர் நோயாளி இல்லை. வேலப்பன்சாவடியில் இருக்கும் அந்த நர்சிங் பயிற்சி மையத்தின் முதலாளி. பழகுவதற்கென்றே வாங்கிய ரப்பர் கை அலமாரியில் தூங்குகிறது. 'அது வலிக்குதுன்னு சொல்லாது' என்று தன் கையைத்தான் நீட்டுவார்.

கதவருகே நின்ற பங்குதாரர் பார்த்தசாரதி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து பேர அனுப்பறோம்னு ஆவடி ஆஸ்பத்திரில சொல்லிகீறோம் சேகரு. இந்தப் பொண்ணையும் சேத்தாத்தான் பத்து. சர்டிபிகேட்ல கையெழுத்த போடு. மிச்சத்த அங்க போய் கத்துக்கும்."

"இங்கயே கத்துக்கட்டும்."

"ஒருத்தர் கொறஞ்சா ஆஸ்பத்திரிக்காரன் வேற சென்டருக்குப் பூடுவான். மூணு மாச கோர்ஸ ஒரு வருசமா இழுத்துட்ட. அறுபது பேர் படிச்ச எடத்துல இப்ப பன்னெண்டு பேர்."

ராஜசேகரன் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டார். பார்த்தசாரதி பக்கத்தில் வந்து அவர் தோளைத் தொட்டார். குரல் இறங்கியது.

"பாப்பா போனதுலேர்ந்து நீ நீயா இல்ல. எனக்கும் அது பொண்ணு மாதிரிதான். டெங்கு வந்து போனதுக்கு நீ இன்னா பண்ணுவ? அதுக்காக தொழில உட்டுட முடியுமா?"

யுவராணி ஊசியைத் தட்டில் வைத்தாள். "எனக்கு வேல போயிடுமா சார்? திங்கக்கெழம சேரப்போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"வேல போனா இன்னொண்ணு வரும்மா." வலது கைச் சட்டையை மடித்துவிட்டு அவள் முன் நீட்டினார். "புது ஊசி எடு. இதுல தேடு."

அவள் மறுபடி குனிந்தாள். ராஜசேகரன் அந்த ஊசியைப் பார்த்தபடியே, பார்த்தசாரதிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பாப்பாவுக்கு ட்ரிப்ஸ் போடத் தெரியாம அழுதுகினு நின்ன நர்ஸு, நான் கையெழுத்து போட்டு அனுப்புன பொண்ணு, சாரதி."