மிச்சம் சாரின் முன்பல்

மிச்சம் சார் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடந்தார்.

வாய்க்குள் பஞ்சு இருந்தது, கண்ணாடி இருந்தது, எச்சில் உறிஞ்சும் குழாய் இருந்தது. வார்த்தைக்கு மட்டும் இடமில்லை.

ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் சிக்கனம் சொன்னவர். 'மிச்சம்' என்பதே அலுவலகம் வைத்த பெயர்தான். பிறந்தநாள் கேக்குக்கு வசூலிக்க யாராவது வந்தால், அந்தப் பணத்தை முதலீட்டில் போட்டால் ஓய்வுபெறும்போது என்னவாகும் என்று கேக் வெட்டி முடியும்வரை விளக்குவார். பணம் தரமாட்டார். கேக் சாப்பிடுவார்.

வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார்.

கடைக்காரன் சொல்லும் விலையைச் சொல்லி யாரும் எதையும் கேட்கக் கூடாது. பதினேழால் பெருக்கித்தான் கேட்க வேண்டும். இன்று செலவழிக்காமல் போட்டுவைத்தால் இருபத்தைந்து வருடத்தில் பணம் அவ்வளவாக வளர்ந்துவிடுமாம்.

ஆக, அந்த வீட்டில் அழிரப்பர் செருப்பு விலை. செருப்பு சைக்கிள் விலை. சைக்கிளை யாரும் கேட்டதே இல்லை.

மகள் இரண்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறிவிட்டுப் பதினேழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்ததைப் பார்த்து, டீச்சர் பெற்றோரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மிச்சம் சார் பாராட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்.

நாளடைவில் வீட்டில் கேட்பதே நின்றுபோயிற்று. மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பார்கள், பேசாமல் போய்விடுவார்கள். இதைத்தான் அவர் குடும்ப ஒழுக்கம் என்று வெளியில் பெருமையடிப்பார்.

இப்போது சொத்தையானது மேல்வரிசை முன்பல். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தில் 'வீண் செலவை வெட்டுவோம்' என்ற தலைப்பில் அவர் பேசுவதாக ஏற்பாடு. அவர் பல் தெரியச் சிரிக்கும் படம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியாகிவிட்டது. அந்தச் சிரிப்பில் முதலில் தெரிவதே இந்தப் பல்தான்.

எங்கே போவது என்று அவர் தவித்தபோது, தனக்குத் தெரிந்த டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், அதிகம் வாங்கமாட்டார் என்று கூட்டிவந்தவள் மனைவி. அதிகம் வாங்கமாட்டார் என்றதும் அவர் வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

டாக்டரம்மா ஊசி போட்டு ஈறை மரக்கவைத்துவிட்டு, இவர் தலைக்கு மேலாக மனைவியிடம் பேசினார். வழி இரண்டு. ரூட் கெனால் செய்து கேப் மாட்டினால் பல் தங்கும், ஆனால் செலவு. பிடுங்கிவிட்டால் சல்லிசு, இப்போதே முடிந்துவிடும்.

கேப்புக்கு என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். டாக்டரம்மா சொன்னார்.

மனைவியின் கண்கள் மேலே போயின. உதடுகள் லேசாக அசைந்தன.

மிச்சம் சார் அதைப் பார்த்துவிட்டார். அந்த உதட்டசைவை அவருக்குத் தெரியும். அவர் சொல்லிக்கொடுத்தது. பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஆ... ஆ..." என்றார்.

வலிக்கிறதா என்று குனிந்தார் டாக்டரம்மா.

"வலி இல்ல டாக்டர், விலையைக் கேட்டா அவருக்கு இப்படித்தான் வரும்," என்றாள் மனைவி. "பிடுங்கிடுங்க. பல்லு கடிக்கறதுக்குத்தானே, காட்டறதுக்கா?"

மகள் மூக்குக்கண்ணாடிக்குப் புது ஃபிரேம் கேட்டபோது, கண்ணாடி பார்க்கத்தானே, காட்டவா என்று அவர் சொன்னதுதான். கண்ணாடி போய்ப் பல் வந்திருந்தது, அவ்வளவுதான்.

மறுப்பதற்காகக் கையைத் தூக்கினார். மனைவி அந்தக் கையைப் பிடித்து, தூக்கத்தில் புரளும் குழந்தையின் கையை எடுத்துவைப்பதுபோல அவர் மார்பின் மேலேயே வைத்துத் தட்டிக்கொடுத்தாள். டாக்டரம்மா தட்டிலிருந்த பல் பிடுங்கும் குறட்டைப் பார்த்தார்.

மிச்சம் சார் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பஞ்சைத் துப்பினார். கேப்பே போடுங்கள் என்றார். பாதி மரத்துப்போன உதட்டை வைத்துக்கொண்டு ஒரு சொற்பொழிவே ஆற்றினார். முன்பல் என்பது முகம், முகம்தான் மூலதனம், மூலதனத்தில் போய்க் கஞ்சத்தனம் பார்ப்பவன் முட்டாள், இது செலவிலேயே சேராது.

மனைவி சரிங்க என்றாள்.

டாக்டரம்மா கையுறையை மாற்றிக்கொண்டே அவளிடம் திரும்பினார்.

"அப்ப உங்களுக்கும் பல் கட்டிடலாமேம்மா. வர்றப்பல்லாம் பிடுங்கிடுங்க, பிடுங்கிடுங்கன்னே சொன்னீங்க. இனி அந்தப் பக்கம் பிடுங்க என்ன இருக்கு?"

மிச்சம் சார் மனைவியைப் பார்த்தார்.

எப்போது வந்தாள்? யாரோடு வந்தாள்? எத்தனை காலமாக ஒரே பக்கமாக மென்றுகொண்டிருக்கிறாள்? தினமும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

அவள் சிரித்தாள். வாய்விட்டு, அகலமாக. அப்படி அவள் சிரித்து அவர் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. இடது பக்கக் கீழ்வரிசையில் கடைசிவரைக்கும் வெறும் ஈறு.

"அவருக்கு முடிச்சுட்டு எனக்குப் பாருங்க டாக்டர்," என்றாள். "அவசரமில்ல. பழகிடுச்சு."

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொன்னார்.

மிச்சம் சார் திறந்தார். கண்களை மூடிக்கொண்டார்.