வாத்து ஓடிய ஏரிக்கரை

புரட்டாசியில் ஏரியைச் சுற்றி ஓடும் பந்தயத்துக்கு வாத்து பெயர் கொடுத்துவிட்டு, தினமும் விடியுமுன்பே கரையில் ஓடிப் பழகியது. பார்த்துக்கொண்டிருந்த கொக்குக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, நீச்சல்ல உன்ன மிஞ்ச ஆளில்ல. இந்த ஆடுற நடைய வெச்சுக்கிட்டு எதுக்கு ஓட்டம்?"

"நீச்சல் பொறந்தப்பவே வந்துடுச்சு அண்ணே. நானா ஒண்ணு கத்துக்கணும்னு ஆசை."

பந்தயத்தன்று முயலும் ஆடும் காலையிலேயே ஓடி முடித்து வீட்டுக்குப் போய்விட்டன. வெயில் சாய்ந்த பிறகும் கொக்கு மட்டும் எல்லைக்கோட்டில் காத்திருந்தது. கடைசியில் வாத்து மூச்சிரைக்க வந்தது. தண்ணீரில் இறங்கிக் குறுக்கே நீந்தியிருந்தால் எப்போதோ வந்திருக்கலாம்; ஆனால் அதன் இறகெங்கும் செம்மண் புழுதி அப்பியிருந்தது.

வாத்து கோட்டைத் தாண்டியபோது, கொக்கு தூக்கியிருந்த காலைக் கீழே ஊன்றி, இரண்டு காலிலும் நிமிர்ந்து நின்றது.